வாளி மருதப்பன் வெல்டிங் படித்த கதை

வேடிக்கை பார்க்கிறவனுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி உலகத்திலேயே வெள்ளைக்காரன் ஒருத்தன்தான். அந்தச் சம்பளத்தை வாங்கித் தின்ற ஆள் மருதப்பன்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம். உள்ளே கப்பல் பழுதுபார்க்கிற பட்டறை. வெல்டர் ஒருத்தர் கப்பலின் வயிற்றுக்குள் குனிந்து நுழைந்து, மாஸ்க்கை முகத்தில் இறக்கிக்கொண்டு, இரும்போடு இரும்பை ஒட்டுவார். பொறி பறக்கும். அது எண்ணெய்த் துணியிலோ கயிற்றுச் சுருளிலோ போய் உட்கார்ந்தால் கப்பல் அடுப்பாகிவிடும். மாஸ்க்குக்குள் இருக்கிறவருக்கு ஒட்டுகிற இடத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால் அவருக்குப் பின்னால் மணல் வாளியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். பொறி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பற்றிக்கொண்டால் மணலை அள்ளிப் போட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

மருதப்பன் அதைப் பதினாறு வருஷம் செய்தார். தளத்தில் அவருக்கு வாளி என்று பெயர். "வாளி வந்தாச்சா?", "வாளி எங்கப்பா?" சம்பள நாளில் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்.

அவர் காவல் நின்றது ஒலி முகம்மதுக்கு. கடையநல்லூர்க்காரர், கை சுத்தம், வாய் நீளம். மாஸ்க்குக்குள்ளும் பேசிக்கொண்டே இருப்பார். பட்டறைச் சத்தத்தில் ஒரு எழுத்து வெளியே கேட்காது. மருதப்பனும் கேட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார், அது ஒலி முகம்மதுக்குத் தெரியாது. இப்படி ஒரு நட்பு.

ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாஷை இருந்தது. வாளியின் கைப்பிடியைத் தூக்கி விட்டால் விளிம்பில் டங் என்று விழும். அந்த அதிர்வு இரும்புத் தரை வழியாக வெல்டரின் முழங்காலுக்கே போய்விடும். இரண்டு டங் என்றால், ஒன்றும் இல்லை, நீ பாட்டுக்கு அடி. விடாமல் டங்டங்டங் என்றால், நிறுத்து, பற்றிக்கொண்டது. பதினாறு வருஷத்தில் விடாமல் அடித்தது நாலைந்து தடவைதான் இருக்கும். மற்றதெல்லாம் இரண்டு டங்.

வேலை முடிந்ததும் வெல்டர் போகலாம். வாளி போகக் கூடாது. பெயிண்டுக்கு அடியில் ஒரு கங்கு தூங்கிக்கொண்டு கிடந்து, ஆள் போன பிறகு விழிக்கும். அதனால் காவல்காரன் அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சட்டம். சங்கு ஊதும். ஒலி முகம்மது கையை உதறிக்கொண்டு ஏணியில் ஏறிப் போய்விடுவார். கப்பலின் வயிற்றில் மருதப்பனும் வாளியும் ஒரு பல்பும். அவர் கேன்டீனுக்கு வந்து சேரும்போது நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்திருப்பார்கள், வேலையாட்களை ஏற்றிக்கொண்டு முதல் பஸ் எப்போதோ போயிருக்கும்.

"முதல் பஸ் என்ன கலர்னு சொல்லு வே, பாப்போம்" என்று ஒலி முகம்மது சீண்டுவார்.

"பஸ் எல்லாம் ஒரே கலர்தான் பாய்."

"பாத்தியா, தெரியல!"

கல்யாணம் ஆகவில்லை. ஊரில் ஒரு அத்தை இருந்தார், அவரும் போய்ச் சேர்ந்தார். ஐம்பத்தேழில் குடியுரிமைக்கு ஆள் சேர்த்தபோது, ஒலி முகம்மது வரிசையில் நிற்கிறாரே என்று பின்னாலேயே போய் நின்று, இவரும் சிங்கப்பூர்க்காரர் ஆகிவிட்டார். எங்கேயும் யாருக்காவது பின்னால் நின்று பழகிப்போன உடம்பு.

அறுபத்தெட்டு பிறந்ததும் பிறக்காததுமாகச் சேதி வந்தது. வெள்ளைக்காரன் எழுபத்தொன்றுக்குள் மூட்டை கட்டுகிறான். தளத்தில் ஆயிரக்கணக்கான பேர். அன்றைக்குக் கேன்டீனில் யாரும் தேத்தண்ணியை ஊதிக்கூடக் குடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைக்கத் தொடங்கினார்கள். முதலில் கைத்தொழில் இல்லாதவர்கள். வாளிக்குக் கைத்தொழில் என்று எதைச் சொல்வது?

அரசாங்கத்திலிருந்து ஆள்பலத்தைக் கணக்கெடுக்க வந்தார்கள். யாருக்கு என்ன தெரியும், யாரை என்னவாக மாற்றலாம் என்று தளத்து மண்டபத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தரையும் கேட்டார்கள். தமிழ் ஆட்களைக் கேட்டது சிவகாமசுந்தரி என்று ஒரு பெண். கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை. வேலையில் சேர்ந்து வருஷம்கூட ஆகியிருக்காது, பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தொழில் என்னங்க ஐயா?"

"ஃபயர் வாட்ச்மா."

"அப்படின்னா?"

"வெல்டிங் நடக்கும். நான் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"வெல்டிங்கையா?"

"அதைப் பாத்தா கண்ணு போயிடும்மா. அதுக்கு எதிர்ப்பக்கம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வெட்கமும் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஐயா, இங்க மூணு வகை வெச்சிருக்கோம். தொழில் தெரிஞ்சவங்க, பாதி தெரிஞ்சவங்க, தெரியாதவங்க. நீங்க எதுல?"

மருதப்பன் நேர்மையாக யோசித்தார். "தெரிஞ்சவருக்குப் பக்கத்துல நின்னவன்மா."

அதற்கு அவளிடம் வகை இல்லை. பேனா மூடியை மறுபடி கடித்தாள். "நம்ம நாட்டுல எண்ணெய் கிடையாது, இரும்பு கிடையாதுங்க. ஆளுங்கதான் இருக்கீங்க. கப்பல் பட்டறையை நாமளே நடத்தப்போறோம். வெல்டர் வேணும். நாப்பது தாண்டினவங்களைப் பயிற்சிக்கு எடுக்கறது கஷ்டம்தான். ஆனா பதினாறு வருஷம் பக்கத்துலயே நின்னிருக்கீங்க. கொஞ்சமாவது வந்திருக்கும், இல்லீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பணத்தைக் கையில் கொடுத்து, ஊருக்குப் போகிற கப்பல் எந்தப் பக்கம் என்று காட்டியிருப்பார்கள். கப்பல் போகிற இடத்தில் அவருக்கு யாரும் இல்லை. இங்கேயும் பெரிதாக யாரும் இல்லைதான். இங்கே பழக்கம் இருந்தது.

"வந்திருக்கும்மா" என்றார்.

மூன்று மாதப் பயிற்சி. கடைசியில் டெஸ்ட். பாஸானால் செம்பவாங் பட்டறையிலேயே வெல்டராக எடுப்பார்கள். பாஸாகாவிட்டால் வேலையும் இல்லை, வாளியும் இல்லை.

ஒலி முகம்மது பயிற்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை. அவருக்கு எதற்குப் பயிற்சி? அவரைப் பட்டறையில் இருக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். மனைவி உம்மு சல்மா கடையநல்லூரில் இருபது வருஷமாகக் காத்திருக்கிறாள், போதும் என்று சொல்லிவிட்டார். தஞ்சோங் பகார் துறையில் ஊருக்குப் போகிற ரஜூலா கப்பல் நின்றது. டிரங்குப் பெட்டி, மைலோ டின், கம்பளி, பாதி சிங்கப்பூரே கட்டுக்கட்டாக ஏறிக்கொண்டிருந்தது.

ஒலி முகம்மது பையிலிருந்து தன் மாஸ்க்கை எடுத்து நீட்டினார். "இந்தா வே, என் மூஞ்சி. பத்திரமா வெச்சுக்க."

"பாஸாயிடுவேனா பாய்?"

"நீயா? நீ வெல்டு அடிச்சா கடல் பத்திக்கும்." சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி வே, உனக்குப் பின்னால யாரு வாளி பிடிப்பா?" என்றார்.

மருதப்பன் மாஸ்க்கை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினார். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

கப்பல் நகர்ந்தது, சிறுத்தது, ஒன்றுமில்லாமல் போனது. கையசைத்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டுக் கலைந்தார்கள். மருதப்பன் மட்டும் நின்றார். கூலிக்காரர்கள் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சீக்கியக் காவல்காரர் வந்து, "எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போ" என்று மலாயில் சொன்னார். அப்போதும் அரை மணி ஆகவில்லை.

தளத்து அறையைக் காலி செய்துவிட்டு, நாரிஸ் ரோட்டில் ஒரு மாடியில் படுக்க இடம் பிடித்தார். அறையில் ஆறு பேர். எல்லாரும் தேக்கா சந்தைப் பக்கம் வேலை செய்கிறவர்கள். ஒருத்தன் எழுந்த பாயில் இன்னொருத்தன் படுப்பான், அதனால் யார் முகமும் முழுசாக மனதில் நிற்காது. துரைசாமி ஒருத்தர்தான் பேசுவார், சந்தையில் மூட்டை தூக்குகிறவர். சாயங்காலம் கீழ்வீட்டு ரேடியோவில் ஒருத்தர் நல்ல செந்தமிழில், நம் நாட்டில் சுரங்கங்கள் இல்லை, மக்களின் கைத்திறனே நம் மூலதனம் என்று முழங்கினார்.

"மூலதனம் முதலாளிகிட்டதானே இருக்கும்லா" என்றார் துரைசாமி, வெங்காயம் உரித்துக்கொண்டே. "என்கிட்ட முதுகுதான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மருதப்பன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். வாளிக் கைப்பிடி அழுத்தி அழுத்தி ஒரு கோடு விழுந்திருந்தது. இது எந்த வகைத் திறன் என்று அந்த ரேடியோக்காரரைக் கேட்க வேண்டும் போல இருந்தது. சமையல் முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனதும் இவர் மட்டும் கரி அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கங்கு அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் முதல் வாரம் கேலி செய்தார்கள். இரண்டாம் வாரம் கேலியும் நின்றது. கேலி நிற்கிறது என்றால் ஆளை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தொழிற்பள்ளி பாலஸ்டியர் ரோட்டுப் பக்கம், நடந்தே போய்விடலாம். முதல் நாள் மருதப்பன் என்ன செய்தார் தெரியுமா? மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். தளத்தில் பழைய சாமான்களை வீசியபோது எடுத்து வைத்திருந்த சிவப்பு வாளி, அதே வாளி. சிராங்கூன் ரோட்டில் ஜனங்கள் வழிவிட்டார்கள், எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று.

வகுப்பில் இருபது பேர். அதில் பத்தொன்பது பேருக்கு மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. வாசலில் வாளியைப் பார்த்ததும் ஒரே கூச்சல்.

"அண்ணே, கிணறு அந்தப் பக்கம்!"

சொன்னவன் அப்துல் அஜீஸ். செகண்டரி டூவோடு பள்ளிக்கூடத்தை விட்டதாக அவன் சொல்லிக்கொள்வான். பள்ளிக்கூடம்தான் அவனை விட்டது. உட்கார்ந்த நாற்காலியில் கோந்து, தொங்கும் சட்டைப்பையில் பல்லி, இதுதான் அவனுக்குத் தெரிந்த கைத்திறன். பெயர் வைப்பதில் அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ள மாட்டான். "வாளி மாமா" என்றான். மருதப்பன் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பல நாள் கழித்து யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

சொல்லிக்கொடுத்தவர் மிஸ்டர் ஹோ. குட்டையான சீனர், எல்லாரோடும் சந்தை மலாயில் பேசுவார். இரும்புத் தகடு அடித்த சின்னச் சின்னத் தடுப்புகள், ஒரு தடுப்புக்கு ஒரு ஆள். ராடை, அதாவது வெல்டிங் குச்சியை, ஹோல்டரில் மாட்டு, தகட்டில் உரசு, வெளிச்சம் வந்ததும் ஒரே வேகத்தில் இழு. தையல்காரன் துணியில் இழுக்கிற மாதிரி ஒரு நேர்க்கோடு வர வேண்டும்.

பையன்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. மருதப்பனுக்கு வரவில்லை.

காரணம் கையில் இல்லை, கழுத்தில் இருந்தது. ராடு தகட்டைத் தொடும், பொறி பறக்கும், அந்த நொடியே அவர் தலை பொறி விழுகிற பக்கம் திரும்பிவிடும். பதினாறு வருஷம் சோறு போட்ட கழுத்து. கை இங்கே இழுக்கும், கண் அங்கே போகும். ஒட்டினது கோழி கிளறின குப்பை மாதிரி கிடக்கும். சில நேரம் மாஸ்க்கைத் தூக்கிவிட்டே பார்ப்பார். பக்கத்துத் தடுப்பு வெளிச்சம் கண்ணில் அடிக்கும். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலைக் கொட்டினது போல எரியும். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு படுப்பார். துரைசாமி வந்து, "யாருலா சமைக்கற கிழங்கை எடுத்தது?" என்று கத்திவிட்டு, கிழங்கு இருக்கிற இடத்தைப் பார்த்ததும் பேசாமல் போய்விடுவார்.

"மாத்தா மானா?" என்று மிஸ்டர் ஹோ பின்னந்தலையில் தட்டுவார். கண் எங்கே? ராடின் நுனியைக் காட்டி, "மாத்தா சினி!" கண் இங்கே!

மருதப்பன் தலையை ஆட்டுவார். ராடைத் தொடுவார். கண் அங்கே போகும்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒத்திகை டெஸ்ட். இரண்டு தகட்டை ஒட்டி, அதைப் பட்டறைக் கிடுக்கியில் மாட்டி வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்டால் பெயில். மருதப்பன் ஒட்டினது வளைக்கிற வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை, கீழே வைத்ததும் இரண்டாகிவிட்டது. பையன்கள் சிரிக்கவில்லை. மிஸ்டர் ஹோ உடைந்த துண்டை எடுத்துப் பார்த்து, "பாக் சிக், நீங்கள் நல்ல மனிதர்" என்று மட்டும் சொன்னார். பெரியவரை மதித்துத்தான் அப்படிக் கூப்பிட்டார். ஆனால் நல்ல மனிதர் என்று சொன்னால் கதை முடிந்தது என்று மருதப்பனுக்குத் தெரியும். கப்பல் கம்பெனி ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று துரைசாமியிடம் விசாரித்தும் வைத்துவிட்டார்.

மறுநாள்தான் அப்துல் அஜீஸ் அந்த வேலையைப் பார்த்தான். வாளி மாமாவின் முகம் செத்த மீன் மாதிரி இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் குறும்பு. கரித்துணி ஒன்றைப் பற்றவைத்து, புகைய விட்டு, மருதப்பனின் தடுப்புக்குள் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டான்.

ராடு கீழே விழுந்தது. மாஸ்க் மேலே போனது. நாற்பது தாண்டின அந்த ஆள் அப்படித் திரும்புவார் என்று யாரும் நினைக்கவில்லை. வாளி எழுந்தது, பாதி மணல் துணிமேல், மீதி மணல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் அஜீஸின் தலைமேல். எண்ணெய் தடவி வாரின தலை.

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்துல் அஜீஸ் மணலைத் துப்பினான். மருதப்பன் அவன் தலையிலிருந்து மணலைத் தட்டிவிட்டார்.

"விளையாட்டு மாமா! சும்மா!"

"நெருப்புக்கு விளையாட்டு தெரியாதுடா."

"அதான் நீங்க எப்பவும் பின்னாலயே பாக்கறீங்க" என்றான் அவன், காதிலிருந்து மணலை நோண்டிக்கொண்டு. "முன்னாலயும் பாருங்க மாமா. டெஸ்ட் வருதுல்ல?"

"முன்னால பாத்தா பின்னால யாரு பாப்பா?"

கேட்ட பிறகுதான் அது ஒலி முகம்மது கேட்ட கேள்வி என்று மருதப்பனுக்கு உறைத்தது. அந்த மணல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். அரை மணி நேரம், முதல் பஸ், இரண்டு டங். பதினாறு வருஷத்தில் ஒரு ஆளிடம் அவ்வளவு நேரம் பேசினது அன்றைக்குத்தான்.

அப்துல் அஜீஸ் பாதி கேட்டான், பாதி கொட்டாவி விட்டான். அப்புறம் எழுந்து போய் வாளியை எடுத்துக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தி, சிப்பாய் மாதிரி மருதப்பனுக்குப் பின்னால் போய் நின்றான். வகுப்பு மறுபடி சிரிக்கத் தொடங்கியது. "கேப்டன் வாளி ரெடி சார்! அடிங்க!"

கேலிதான். ஆனால் டங் டங் என்று கேட்டதும் மருதப்பனின் கழுத்து, கட்டவிழ்த்த மாடு மாதிரி தானாகத் தளர்ந்தது. கண் ராடின் நுனியில் நின்றது. முதன்முதலாக வெளிச்சத்துக்கு உள்ளே பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரும்பு உருகி, தேன் மாதிரி பளபளவென்று ஒரு சின்னக் குளம் நகர்ந்துகொண்டிருந்தது. பதினாறு வருஷம் பக்கத்தில் நின்றும் அவர் பார்க்காதது. இதைத்தான் பாய் பார்த்துக்கொண்டிருந்தாரா?

கோடு கொஞ்சம் நெளிந்து வந்தது. ஆனால் கோடு.

கடைசி மாதம் முழுக்க அப்துல் அஜீஸ் தன் வேலை முடிந்ததும் வாளியோடு வந்து நிற்பான். தினமும் ஒரு புது வம்பு செய்வான், வாளியில் தவளை போடுவான், மணலில் கச்சாங் கடலைத் தோலைப் புதைப்பான். ஆனால் டங் டங்கை மட்டும் மறக்க மாட்டான்.

டெஸ்ட் அன்றைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மெல்லிசான ஆள், மழை இல்லாத நாளில் குடை வைத்திருந்தார். ஒவ்வொரு ஆளாகத் தடுப்புக்குள் போக வேண்டும், வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது. மருதப்பனின் முறை வந்தது. அதிகாரி வாளியைக் குடை நுனியால் தொட்டு, "இது என்ன?" என்றார்.

"மணல் சார்."

"வெளியே."

வாளி வெளியே போனது. மருதப்பன் உள்ளே தனியாக. மாஸ்க்கை இறக்கினார். உள்ளே இன்னும் ஒலி முகம்மதின் புகையிலை வாசனை. ராடைத் தொட்டார். பொறி பறந்தது. கழுத்து இழுத்தது. எங்கே விழுந்தது? இடது பக்கமா? அங்கே அதிகாரி சாய்த்து வைத்த குடை இருக்கிறதே! கோட்டின் முதல் விரல்கடை கோணிக்கொண்டு போனது.

டங் டங்.

இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தகட்டில் ஏறி, மேஜையில் ஏறி, முழங்கைக்கு வந்தது. ஒன்றும் இல்லை, நீ பாட்டுக்கு அடி.

மருதப்பன் கண்ணை நுனியில் வைத்தார். குளம் நகர்ந்தது. கை பின்னாலேயே போனது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி டங் டங். பாதி தாண்டிவிட்டது.

அப்போதுதான் அப்துல் அஜீஸுக்கு அலுப்புத் தட்டியது. சும்மா இரண்டு இரண்டாக எவ்வளவு நேரம் அடிப்பான்? டங், டங்கடங், டங்டங்டங், டங்கடங்.

விடாமல் அடித்தால் நெருப்பு. பதினாறு வருஷச் சட்டம். திரும்பு, திரும்பு என்றது கழுத்து. திரும்பினால் கோடு அறுந்தது, கப்பல் ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறக்கும். திரும்பாவிட்டால், உண்மையிலேயே பற்றியிருந்தால்? காதைக் கொடுத்துக் கேட்டார். டங்கடங், டங்டங். இந்த நாய் கல்யாண மேளம் வாசிக்கிறான்! நெருப்பைப் பார்த்தவன் எவனும் தாளம் தப்பாமல் அடிக்க மாட்டான்.

மாஸ்க்குக்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் கோடு ஒரு சின்ன நெளிவு நெளிந்தது. அப்புறம் கடைசி வரைக்கும் நேராகப் போனது.

கிடுக்கியில் மாட்டி வளைத்தார்கள். மிஸ்டர் ஹோ ஒரு சுற்று, இன்னொரு சுற்று திருகினார். அதிகாரி குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். நெளிந்த இடத்தில் விரல் நின்றது. விரிசல் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதிவிட்டு, "அடுத்த ஆள்" என்றார். மிஸ்டர் ஹோ கட்டைவிரலைத் தூக்கி, "பாகுஸ்" என்றார், ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி.

எல்லாருக்கும் முடிந்ததும் பையன்கள் ஓ என்று கத்திக்கொண்டு மூலைச் சர்பத் கடைக்கு ஓடினார்கள். "வாளி மாமா, வாங்கலா! பண்டுங் குடிக்கலாம்!"

"நீங்க போங்கடா. நான் வந்துடறேன்."

எல்லாரும் போன பிறகு மருதப்பன் தடுப்புக்குள் திரும்பிப் போய், வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காவல்கார ஜாகா பூட்டுச் சாவியோடு வந்து, என்ன பார்க்கிறாய் என்றான். ஒன்றும் இல்லை என்றார். அது பொய் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று பார்ப்பதுதானே அந்த வேலை.

கடைக்குப் போனபோது பெஞ்சு காலி. "பிள்ளைங்க இப்பதான் போனாங்க" என்றார் கடைக்காரர். ரோஸ் சர்பத்தும் பாலும் கலந்த பண்டுங்கில் ஒரு கிளாஸை அவருக்காகத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐஸ் எல்லாம் கரைந்து, ரோஸ் நிறம் வெளுத்திருந்தது. தட்டை எடுத்தால் உள்ளே ஒரு ரப்பர் பல்லி. மருதப்பன் பல்லியை எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பண்டுங்கைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

கொஞ்ச நாளில் அப்துல் அஜீஸைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பையன்களை ஜூரோங்குக்கு ஒருத்தன், துறைமுகத்துக்கு ஒருத்தன் என்று அள்ளித் தெளித்தாகிவிட்டது. நாட்டுக்கு எங்கே எத்தனை கை வேண்டுமோ அங்கே அத்தனை கை. ஒரு வகுப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று எந்தத் திட்டத்திலும் போடவில்லை.

மருதப்பன் செம்பவாங்குக்கே திரும்பிப் போனார். அதே பட்டறை, வேறே முதலாளி. இப்போது அவர் வெல்டர். பெயர்ப்பட்டியலில் முழுப் பெயர் இருந்தது, யாரும் வாளி என்று கூப்பிடவில்லை. மாஸ்க்குக்குள் இருக்கும்போது தானாகப் பேசுவது அவருக்கும் தொற்றிக்கொண்டது. துரைசாமியின் வெங்காயம், பல்லி, பாய் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா என்பது. ஒரு எழுத்து வெளியே கேட்காது. பாய் அவ்வளவு வருஷம் உள்ளே என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றும்.

அவருக்குப் பின்னால் ஒரு வாளி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஒரு சீன அம்மா, நீலத் தலைத்துணி, வயசு சொல்ல முடியாத முகம். மற்றவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் ஆ சோ என்று கூப்பிட்டார். அவருக்குச் சீனம் தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் மலாய் அரைகுறை. அந்தம்மா கைப்பிடியைத் தட்டவும் இல்லை. யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ராடைத் தொடும்போதெல்லாம் அவர் முழங்கால் ஒரு கணம் காத்திருக்கும். வராது. பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நுனியைப் பார்ப்பார். கழுத்து இழுக்கும், பார்ப்பார்.

முதல் வாரம் ஒரு நாள் சங்கு ஊதியது. வெல்டர்கள் ஏணியில் ஏறிப் போனார்கள். மருதப்பனும் இரண்டு படி ஏறினார். முதல் பஸ் அவருக்காக நின்றுகொண்டிருக்கும். பதினாறு வருஷமாகப் பார்க்காத பஸ்.

கீழே திரும்பிப் பார்த்தார். பல்புக்கு அடியில் ஆ சோ ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள், பொறி விழுந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு.

படியிலிருந்து இறங்கி வந்தார். அந்தம்மா நிமிர்ந்து, போ போ என்று கையைக் காட்டினாள். வேலை முடிந்தது, வெல்டர் போகலாம், அதுதான் சட்டம். மருதப்பன் மாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு, பொறி விழுந்த பக்கம் திரும்பி நின்றார்.

அந்தம்மா வாளியை இழுத்துக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பலகையில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.